ஆசிரியர் மீதான ஒழுங்கு விசாரணையில் சட்டக் காலக்கெடுக்கள்: தொடக்க நிலையினருக்கான விளக்கம்

ஆசிரியர் ஒருவர் மீது புகார் எழுந்தவுடன் பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் முதலில் கேட்பது, உண்மையில் என்ன நடந்தது என்பதைத்தான். அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் அதே நாளில் இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: இந்தப் புகாரால் எந்தெந்தச் சட்டத்தின் கீழ், எந்தெந்தத் தேதியிலிருந்து, நாள் கணக்கு ஓடத் தொடங்கியிருக்கிறது? இந்த இரண்டாவது கேள்வியைத் தள்ளிப்போட்டதால் உண்மையான புகார்கள் விசாரிக்கப்படாமலேயே தள்ளுபடியானதும் உண்டு. குற்றமற்ற ஆசிரியர்கள் குற்றச்சாட்டு என்னவென்றே தெரியாமல் மாதக்கணக்கில் பணியிடை நீக்கத்தில் இருந்ததும் உண்டு. காலக்கெடு என்பது எழுத்தர் பார்த்துக்கொள்ளும் சில்லறை வேலை என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறான எண்ணம்; புகார் கொடுத்தவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சட்டம் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்தத் தேதிகளில்தான் அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பொருந்தும் சட்டங்களை வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. தலைமையாசிரியராகப் புதிதாகப் பொறுப்பேற்றவர், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் முதன்முறையாக இடம்பெற்றவர், கோப்பைக் கையாளும் அலுவலகப் பணியாளர், புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர், குற்றச்சாட்டுகளை எழுத்தில் தெரிவிக்கும் குறிப்பாணை பெற்ற ஆசிரியர் என யார் படித்தாலும் அடிப்படை விளங்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஒரே சம்பவம், தனித்தனிப் பாதைகள்

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு புகாருக்கு ஒரே ஒரு விசாரணையும் ஒரே ஒரு முடிவுத் தேதியும் இருப்பதில்லை என்பதாகும். ஒரே சம்பவம் காவல்துறையின் குற்றவியல் நடவடிக்கையாகவும், பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் விசாரணையாகவும், நியமன அதிகாரி எடுக்கும் துறை நடவடிக்கையாகவும் ஒரே நேரத்தில் நடைபெறக்கூடும். மூன்றுக்கும் சட்டம் வேறு, தொடக்க நாள் வேறு, கெடு தவறினால் விளையும் பலனும் வேறு. எல்லாப் புகாருக்கும் மூன்றும் பொருந்தும் என்பதில்லை. மாணவரை அடித்த புகார் என்றால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்து, மீறுபவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. அங்கே துறை நடவடிக்கையும், காயத்தின் தன்மையைப் பொறுத்துக் குற்றவியல் நடவடிக்கையும் வரும். பணம் கையாடல், சான்றிதழ் மோசடி, நீண்ட காலம் அனுமதியின்றிப் பணிக்கு வராமை ஆகியவை ஒழுங்கீனத்தின் வேறு வகைகள். எந்தப் பாதை பொருந்தும் என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் தீர்மானித்துக்கொள்ளாவிட்டால், பின்னால் எழுதப்படும் ஒவ்வொரு தேதியும் ஐயத்துக்கு உரியதாகிவிடும்.

பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவராகவும் புகார் பாலியல் சார்ந்ததாகவும் இருந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். அந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் அல்லது நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர் எவராயினும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று பள்ளிக்கு அது எண் குறிப்பிடவில்லை. ‘முதலில் நாங்கள் உள்ளுக்குள் விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் சொல்கிறோம்’ என்று பல நிர்வாகங்கள் இறங்குவது இந்த இடத்தில்தான். அந்த வாய்ப்பைச் சட்டம் பள்ளிக்குத் தரவே இல்லை. தகவல் பெற்ற காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடும்போது, பள்ளி வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று வாதிட எந்த அடிப்படையும் கிடையாது. தகவல் தராமல் இருப்பதற்கு 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. தனக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு அது ஓராண்டு வரை நீளும். தெரிந்தே தகவல் தராமல் இருப்பது கடுமையான குற்றம் என்று 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், மாணவியர் விடுதி தொடர்பான ஒரு வழக்கில், திட்டவட்டமாகக் கூறியது. ஆகவே பள்ளியைப் பொறுத்தவரை இந்தக் கெடுவை ‘இன்றே’ என்று எழுதிக்கொள்வதுதான் சரி.

அதன் பிறகு ஓடும் குற்றவியல் கெடுக்கள் பள்ளியின் கையில் இல்லை என்றாலும் பெற்றோர் அவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆவது பிரிவு, பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் போக்சோவின் கடுமையான பிரிவுகளிலும் புலன் விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. 90 நாட்களுக்குள் விசாரணையின் முன்னேற்றத்தைப் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. சிறப்பு நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்ததிலிருந்து 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவு செய்யப்பட வேண்டும். இயன்றவரை ஓராண்டுக்குள் வழக்கு முடிய வேண்டும் என்பது போக்சோவின் 35ஆவது பிரிவு.

பாதிக்கப்பட்டவர் உடன் பணிபுரியும் ஆசிரியையாகவோ பெண் ஊழியராகவோ இருந்தால் பொருந்துவது 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். காலக்கெடுக்களை நெருக்கமாகக் கோத்து வைத்திருப்பதால், தொடக்க நிலையினர் படித்துப் பழக இதைவிட நல்ல சட்டம் இல்லை என்று சொல்வேன். சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர் சம்பவங்களானால் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிந்து மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். புகாரின் நகலை எதிர்த்தரப்புக்கு ஏழு வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிந்ததிலிருந்து பத்து நாட்களுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்குச் செல்ல வேண்டும். நிர்வாகம் 60 நாட்களுக்குள் பரிந்துரையின்மீது செயல்பட வேண்டும். குழுவின் பரிந்துரையை எதிர்த்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இங்கே ஒவ்வொரு கெடுவும் முந்தைய படி முடிந்த தேதியிலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள். அறிக்கை நிர்வாகத்துக்குக் கிடைத்த தேதியை யாரும் முத்திரையிட்டுப் பதியாமல் விட்டால், 60 நாள் எப்போது முடிகிறது என்பதை எவராலும் நிறுவ முடியாது.

கல்லூரி மாணவியர், மாணவர் தரும் புகார்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை பொருந்தும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அறிக்கை மீது நிறுவனம் செயல்பட அங்கே 60 நாள் கிடையாது, 30 நாள்தான். மேல்முறையீட்டுக்கும் 90 நாளுக்குப் பதில் 30 நாள்தான். ஒரே கல்லூரியில் ஒரே குழு இரு வகைப் புகார்களையும் விசாரிக்கும்போது இந்த வேறுபாடு எளிதில் நழுவிவிடும்.

பணியிடை நீக்கமும் அதன் நாள் கணக்கும்

துறை நடவடிக்கையில் அதிகக் கோளாறு நிகழ்வது பணியிடை நீக்கத்தில்தான். மத்திய அரசின் 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் கேந்திரிய வித்யாலயா போன்ற அமைப்புகளின் ஆசிரியர்களுக்கும் பொருந்துவதால் அவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மாநில அரசு ஆசிரியர்களுக்கும் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அந்தந்த மாநில விதிகளைத்தான் பார்க்க வேண்டும். மத்திய விதிகளின்படி ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகவே கருதப்படும். பணியிடை நீக்கம், 90 நாள் முடிவதற்குள் மறுஆய்வு செய்து நீட்டிக்கப்படாவிட்டால், செல்லாததாகிவிடும்; 90ஆவது நாளிலும் காவலிலேயே இருப்பவருக்கு மட்டும் அந்த 90 நாள் விடுதலைக்குப் பிறகே எண்ணப்படும். ஒரு நீட்டிப்பு 180 நாளைத் தாண்டக் கூடாது. கெடு முடிந்த பிறகு மறுஆய்வு செய்து, முன்தேதியிலிருந்து நீட்டிப்பு வழங்கினால் அது செத்த ஆணைக்கு உயிர் கொடுக்காது என்பதை 2009ஆம் ஆண்டு தீபக் மாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

இத்துடன் 2015ஆம் ஆண்டின் அஜய் குமார் சௌத்ரி வழக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாவிட்டால் பணியிடை நீக்கத்தை அதற்கு மேல் தொடரக் கூடாது என்பது அதன் சாரம். இதை மேற்கோள் காட்டி, மூன்று மாதம் முடிந்த மறுநாள் ஆசிரியர் தானாகவே பணிக்குத் திரும்பிவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். அப்படித் தானாக ரத்தாகிவிடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் விளக்கியிருக்கிறது. ஆசிரியர் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். நிர்வாகம் காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும். கூடவே, பணியிடை நீக்கக் காலத்தில் வழங்கப்படும் பிழைப்பூதியத்தையும் மறந்துவிடக் கூடாது. முதல் மூன்று மாதத்துக்குப் பின் அதை உயர்த்துவதா, குறைப்பதா என்று பரிசீலிப்பதும் ஒரு கெடுதான். பணியிடை நீக்கம் தண்டனை அல்ல. அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிவது அந்தத் தொகையில்தான்.

குறிப்பாணைக்குப் பிந்தைய படிகளை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். அதே மத்திய விதிகளின்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை பெற்றவர் 15 நாட்களுக்குள் எழுத்துமூல விளக்கம் தர வேண்டும். நீட்டிப்புகளையும் சேர்த்து, குறிப்பாணை கிடைத்ததிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. விசாரணை அலுவலர் தம் நியமன ஆணை கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். நீட்டிப்புக்குக் காரணம் பதிய வேண்டும். விசாரணை அறிக்கையின் நகல் ஆசிரியருக்குத் தரப்பட்டு, அவர் கருத்துத் தெரிவிக்க 15 நாள் வழங்கப்பட வேண்டும். துறை நடவடிக்கை இயன்றவரை ஆறு மாதத்துக்குள்ளும், தவிர்க்க முடியாத நிலையில் ஓராண்டுக்குள்ளும் முடிய வேண்டும் என்று பிரேம்நாத் பாலி வழக்கில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பொதுவாகவே அறிவுறுத்தியுள்ளது.

எந்தக் கெடு தவறினால் என்ன ஆகும்?

எல்லாக் கெடுவும் ஒரே எடை உடையவை அல்ல என்பதே இந்தப் பாடத்தின் நடுநாயகம். சில கெடுக்கள் தவறினால் உரிமையே போய்விடும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கு இதற்குத் துயரமான சான்று. ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது ஆசிரியை ஒருவர் தந்த பாலியல் துன்புறுத்தல் புகாரில், கடைசித் துன்புறுத்தல் நிகழ்ந்தது 2023 ஏப்ரலில் என்றும், புகார் தரப்பட்டது 2023 டிசம்பர் 26 அன்று என்றும் கணக்கிட்ட நீதிமன்றம், நீட்டிப்பையும் சேர்த்த ஆறு மாதம் கடந்துவிட்டதால் புகாரை விசாரணைக்கு ஏற்க முடியாது என்றது. பின்னர் நடந்தவை நிர்வாக நடவடிக்கைகளே, துன்புறுத்தலின் தொடர்ச்சி அல்ல என்றும் கூறியது. அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இணைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்தே, புகாரின் கனத்தை அது உணர்ந்திருந்தது தெரிகிறது. சட்டம் படித்தவர்கள் நிறைந்த வளாகத்திலேயே ‘கடைசிச் சம்பவம் எது’ என்ற கேள்வி வழக்கின் விதியைத் தீர்மானித்திருக்கிறது என்றால், ஒரு சாதாரணப் பள்ளியின் ஆசிரியைக்கு அந்த மூன்று மாதத்தைப் பற்றி முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்களை ஒட்டும் அறிவிப்புப் பலகையிலேயே புகாருக்கான கெடுவையும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குற்றவியல் பக்கத்திலும் இவ்வகைக் கால வரம்பு உண்டு. மூன்றாண்டு வரை மட்டும் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களை நீதிமன்றம் கோப்பில் எடுக்க மூன்றாண்டு வரம்பும், ஓராண்டு வரை தண்டனை உடையவற்றுக்கு ஓராண்டு வரம்பும் உள்ளன. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உடைய குற்றங்களுக்கு வரம்பே இல்லை. பல ஆண்டுகள் கழித்து வாய் திறக்கும் முன்னாள் மாணவரிடம் ‘காலம் கடந்துவிட்டது’ என்று யாரேனும் சொன்னால், எந்தப் பிரிவின் கீழ் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

வேறு சில கெடுக்கள் தவறினால் ஓர் ஆணை மட்டும் விழும், விசாரணை தொடரும். மேலே கண்ட பணியிடை நீக்கத்தின் 90 நாள் அத்தகையது. ஆணை காலாவதியானதால் குற்றச்சாட்டு பொய்யாகிவிடுவதில்லை. ஆனால் குற்றச்சாட்டுக்கு உள்ளானவர் அதே வகுப்பறைக்குத் திரும்பும் நிலை வந்துவிடும் என்பதால், விளைவு குழந்தைகள் மீதே விழும்.

மூன்றாவது வகை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கெடுக்கள். விசாரணையை இத்தனை மாதத்துக்குள் முடி என்பது பெரும்பாலும் இவ்வகையைச் சேரும். தவறினால் உடனே எல்லாம் செல்லாததாகிவிடாது. ஆயினும் தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாத நிலை வந்தால் நீதிமன்றம் பொறுக்காது. 1990இல் நடந்த ஒரு செயலுக்கு 2000ஆம் ஆண்டில் குறிப்பாணை கொடுத்ததை, பி.வி. மகாதேவன் வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பத்தாண்டுத் தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இல்லை என்பதே காரணம். மறுபுறம், குற்றச்சாட்டின் கடுமையையும் தாமதத்தின் காரணத்தையும் சீர்தூக்கிப் பார்க்காமல் தாமதம் என்ற ஒன்றுக்காகவே நடவடிக்கையை ரத்து செய்துவிடக் கூடாது என்று 2012ஆம் ஆண்டு மாசிலாமணி வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே இவ்வகைக் கெடு தவறும் ஒவ்வொரு முறையும், ஏன் தவறியது என்பதை அன்றைக்கே கோப்பில் எழுதிவைப்பவர்தான் பின்னால் நீதிமன்றத்தில் பேச முடியும்.

நாட்களை எண்ணும் முறை

1897ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டம் இதற்கு அடிப்படை. ‘இன்ன நாளிலிருந்து’ என்று சட்டம் சொன்னால் அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். கெடுவின் கடைசி நாளில் நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருந்தால், அடுத்த வேலை நாளில் செய்வது காலத்துக்குள் செய்ததாகவே கொள்ளப்படும். மாதம் என்றால் ஆங்கில நாட்காட்டி மாதம். 30 நாள் அல்ல. மூன்று மாதமும் 90 நாளும் ஒன்றல்ல என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே காணலாம்.

2025 ஜூன் 10 அன்று ஓர் ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் நாளை விட்டு எண்ணினால் ஜூனில் 20 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31 ஆக 82. எஞ்சிய 8 நாளைச் சேர்த்தால் 90ஆவது நாள் செப்டம்பர் 8. மூன்று மாதக் கணக்கோ செப்டம்பர் 10இல் முடியும். ஆனால் ஆணை நடைமுறைக்கு வந்த ஜூன் 10ஆம் நாளையே முதல் நாளாக எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எண்ணிக் காட்டினால் 90ஆவது நாள் செப்டம்பர் 7ஆகிவிடும், அது ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் சனி. அதற்கு முந்தைய வெள்ளி, செப்டம்பர் 5, மீலாது நபி விடுமுறை. ஐயத்துக்கு இடமில்லாத கடைசி வேலை நாள் செப்டம்பர் 4, வியாழக்கிழமை. மறுஆய்வுக் குழு கூடி, பரிந்துரை எழுதி, நியமன அதிகாரி கையொப்பமிட்டு, ஆணை வெளிவருவது எல்லாம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும் என்றால், கோப்பு ஆகஸ்டு நடுவிலேயே நகரத் தொடங்கியிருக்க வேண்டும். நிர்வாகம் எப்போதும் தனக்குப் பாதகமான கணக்கையே எடுத்துக்கொண்டு அதற்குள் முடிப்பது நல்லது. விடுமுறை விதியின் சலுகையை நம்பி யாரும் திட்டமிடக் கூடாது.

வேலை நாள் என்று விதி சொல்லுமிடத்தில் கணக்கு வேறு விதமாக நீளும். வெள்ளிக்கிழமை கிடைத்த புகாருக்கு ஏழு வேலை நாள் என்றால், சனி ஞாயிறு விடுமுறையுள்ள நிறுவனத்தில் அது அடுத்தடுத்த வாரத்தின் செவ்வாய்க்கிழமையில் முடியும். நாட்காட்டியில் பதினொரு நாள். கோடை விடுமுறையின்போது பள்ளி மூடியிருப்பதால் எல்லாக் கெடுவும் நின்றுவிடும் என்று நினைப்பது பரவலான பிழை. வகுப்புகள் இல்லையே தவிர அலுவலகம் இயங்குகிறது. வெறும் ‘நாள்’ என்று சொல்லும் கெடு விடுமுறையிலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஏப்ரல் இறுதியில் வரும் புகார்கள் ஜூன் திறப்புவரை மேசையில் கிடப்பதற்கு இந்த எண்ணமே பெரும்பாலும் காரணம்.

பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்?

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தன்பதிவேடு தெரியும்: எழுத்தர் தம்மிடம் வரும் ஒவ்வொரு தபாலுக்கும் எண்ணிட்டு, எப்போது வந்தது, என்ன நடவடிக்கை, எப்போது முடிந்தது என்று எழுதிவைக்கும் ஏடு. ஒழுங்கு விசாரணைக்குத் தனியாக அப்படி ஒன்று வேண்டும். தாளில் இருந்தாலும் கணினி விரிதாளில் இருந்தாலும் சரி. பலர் அதில் கெடு முடியும் தேதியை மட்டும் எழுதுகிறார்கள். என் பார்வையில் தொடக்க நாளே அதைவிட முக்கியம். முடிவுத் தேதியை எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம், தொடக்க நாளைப் பின்னால் உருவாக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வரியிலும் நிகழ்வு, அது நிகழ்ந்த தேதி, அந்தத் தேதிக்கான சான்று, பொருந்தும் விதி, விதிப்படியான கடைசி நாள், அதற்கு முன்னதாக அலுவலகம் தனக்கு வைத்துக்கொள்ளும் உள் கெடு, உண்மையில் முடிந்த நாள் ஆகியவை இருக்க வேண்டும்.

சான்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். குறிப்பாணை ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதினால் போதாது. ஆசிரியரின் 15 நாள் அது அவர் கைக்குக் கிடைத்ததிலிருந்து ஓடுகிறது. ஆகையால் நேரில் கொடுத்திருந்தால் தேதியுடன் அவர் கையொப்பம், வாங்க மறுத்திருந்தால் இரு சாட்சிகளின் கையொப்பத்துடன் குறிப்பு, அஞ்சலில் அனுப்பியிருந்தால் அனுப்பிய ரசீதும் பட்டுவாடா ஆனதற்கான அச்சுப்பிரதியும் கோப்பில் இருக்க வேண்டும். பட்டுவாடா விவரம் அஞ்சல் துறையின் இணையதளத்தில் என்றென்றும் இருந்துகொண்டிருக்காது. அந்த வாரமே அச்செடுத்து வைப்பது நலம்.

ஒரே ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் பதிவேடு அவர் மாறுதலாகிப் போகும் நாளில் அநாதையாகிவிடும். இரண்டு பேர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது கோப்பில் முடிவெடுக்கும் நிலையில் இருப்பவராக அமைய வேண்டும். 90 நாள் கெடு என்றால் 60ஆவது நாளிலும் 75ஆவது நாளிலும் நினைவூட்டல் வரும்படி வைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் குழந்தையின் பெயரோ, வகுப்போ, அடையாளம் காட்டும் எந்த விவரமோ இடம்பெறக் கூடாது. வழக்கு எண் போதும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டமே தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இரு தரப்பின் விவரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. காலக்கெடு நினைவூட்டல் என்ற பெயரில் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் புகார் விவரம் பரவுவதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

பதிவேடும் கண்காணிப்பும் இல்லாதபோது நிறுவன அளவில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. ஆசிரியர் உரிமங்களை வழங்கும் அங்குள்ள ஆணையத்தில், 2009ஆம் ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ 12,600 அறிக்கைகள் பரிசீலிக்கப்படாமல் தேங்கியிருந்ததை மாநிலத் தணிக்கையாளரின் 2011ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. அந்தத் தேக்கத்துக்குள் அற்பமான புகாரும் கொடிய புகாரும் ஒன்றாகவே கிடந்தன. எது அவசரம் என்று பிரித்துச் சொல்வதற்கும் பதிவேடுதான் வேண்டும்.

வழக்கு நிலுவை, ஓய்வு, மேல்முறையீடு

‘நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது, தீர்ப்பு வரட்டும்’ என்று எழுதித் துறை விசாரணையை ஒதுக்கிவைப்பது நம் அலுவலகங்களின் நெடுநாள் வழக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதும், சிக்கலான சட்ட, நிகழ்வுப் பிரச்சினைகள் அடங்கிய கடுமையான குற்றச்சாட்டு இரண்டிலும் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே துறை விசாரணையை நிறுத்திவைப்பது பொருத்தம் என்பதும், குற்ற வழக்கு இழுத்துக்கொண்டே போனால் அப்படி நிறுத்தியதையும் மீண்டும் தொடங்கலாம் என்பதும் 1999ஆம் ஆண்டு பால் ஆன்டனி வழக்கின் தீர்ப்பு. ஆகவே நிறுத்திவைத்த கோப்புக்கும் பதிவேட்டில் ஒரு மறுபார்வைத் தேதி இருந்தாக வேண்டும்.

ஓய்வுபெறும் நாள் நெருங்கும் ஆசிரியரின் கோப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. ஓய்வுக்குப் பின் ஓய்வூதியத்தைப் பாதிக்கும் வகையில் துறை நடவடிக்கை தொடங்க வேண்டுமானால், அதைத் தொடங்கும் நாளுக்கு முந்தைய நான்காண்டுக்குள் நடந்த செயலுக்கே தொடங்க முடியும் என்பது மத்திய ஓய்வூதிய விதிகளிலும் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளிலும் உள்ள வரையறை. சம்பவத் தேதியையும் ஓய்வுத் தேதியையும் பதிவேட்டின் முதல் வரியிலேயே அடுத்தடுத்து எழுதிவைத்தால், குறிப்பாணையை எப்போதைக்குள் வழங்கியாக வேண்டும் என்பது கண்ணில் படும்.

இறுதி ஆணை வெளிவந்ததும் கோப்பைக் கட்டிவைத்துவிடக் கூடாது. மத்திய விதிகளின்படி ஆணையின் நகல் கிடைத்ததிலிருந்து 45 நாட்களுக்குள் ஆசிரியர் மேல்முறையீடு செய்யலாம். போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மேல்முறையீட்டு அதிகாரி மன்னிக்கலாம். ஆணையின் கீழ்ப்பகுதியிலேயே யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று எழுதி, நகல் அவர் கைக்குச் சேர்ந்த தேதியைச் சான்றுடன் பதிந்து, அந்த 45ஆவது நாளையும் பதிவேட்டில் குறித்துக்கொண்ட பிறகே அந்த வரியை முடிந்ததாகக் காட்ட வேண்டும்.